நுனி கிள்ளிய வரிசை

பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையின் சோதனை வயலுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே அவளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "கையில என்னக்கா, காயமா?" இரண்டு கட்டை விரல்களிலும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். மண்ணும் வியர்வையும் பட்டு மத்தியானத்துக்குள் அது கறுத்துப்போயிருக்கும். அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காயம் எனக்கில்ல" என்பாள். கேட்டவர் முழிப்பார். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் இருந்துவிட்டால், "வாயில போட வேண்டிய பிளாஸ்திரி அது, இடம் மாறிப்போச்சு" என்று ஒரு குத்து குத்துவாள்.

பண்ணையில் அவள் பெயர் கிள்ளி. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பெயர் வந்த கதை சின்னதுதான். சாதாரணமாகப் பருத்தி போடுகிறவர்கள், செடி இடுப்பைத் தாண்டி வளர்ந்ததும் அதன் உச்சிக் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். நுனி கிள்ளுவது என்று அதற்குப் பெயர். உச்சி போய்விட்டால் செடிக்கு மேலே ஏறும் ஆசை விட்டுப்போகும். தின்ற உரத்தையும் குடித்த தண்ணீரையும் காய்க்குக் கொடுக்கும். கிள்ளாமல் விட்டால் சில செடிகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் தலைக்கு மேலே போய் நிற்கும். இந்தக் கிள்ளும் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடப்பாள். செடியைப் பார்க்கவே மாட்டாள். கண் எதிரே வருகிறவளிடம், வாய் ஊர்க்கதையில், விரல் கொழுந்தில். வயலின் அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஒரு நுனி தப்பியிருக்காது.

வீட்டிலும் அந்த விரல் சும்மா இருந்தால்தானே. மாடிப்படி ஓரத்தில் பெயின்ட் டப்பாக்களில் மிளகாயும் ரோஜாவும் வைத்திருந்தாள். படியேறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று கிள்ளிக்கொண்டே போவாள். பக்கத்து வீட்டுக்காரி ஆசை ஆசையாக வளர்த்த கொடி ஒன்றை, அவளோடேயே பேசிக்கொண்டு நின்ற சுவாரஸ்யத்தில் மொட்டையடித்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை. கிள்ளியின் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் பேசுவார்: "நான் தினமும் மீசையைப் பொத்திக்கிட்டுத்தான் தூங்குறேன்."

சோதனை வயலுக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்தது நாத்தனார்தான். கணவரின் அக்கா. பண்ணையில் பழைய ஆள், பள்ளிக்கூடம் முடித்தவள், வயலில் அளவுகளை எழுதிக்கொள்கிற வேலை. "வெயில்ல களை பறிச்சது போதும், என்கூட வா. ஆனா அங்க வந்து கையை அடக்கிக்கிட்டு இரு" என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சோதனை வயல் வேறு உலகம். மற்ற வயல்களில் பருத்தி என்றால் பருத்தி, எல்லாம் ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பம். ஒரே ஒரு செடியின் விதையை எடுத்து ஒரு வரிசை விதைத்திருப்பார்கள். அதில் நிற்பவை எல்லாம் உடன்பிறந்தவை. வரிசைத் தலைப்பில் எண் எழுதிய குச்சி. இந்தக் குடும்பங்களை எல்லாம் கட்டி மேய்த்த விஞ்ஞானியை எல்லோரும் மேடம் என்றார்கள். துணித் தொப்பி, கணுக்கால் வரை சேறு, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே நடப்பார். சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். கணவருக்கு வேறு ஊரில் உத்தியோகம். வீட்டுக்குப் போக அவசரமில்லாத மனுஷி.

மேடம் தேடியது ஒரு செடி. குட்டையாக இருக்க வேண்டும், நெருக்கி விதைத்தாலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமல் நிற்க வேண்டும். பக்கத்தில் வெறுமனே நீண்டு இலையை மட்டும் வளர்க்கும் சிம்புக் கிளை கூடாது. காய்க்கும் கிளைகள் அடியிலிருந்தே தொடங்கி, காய்கள் தண்டை ஒட்டி அடுக்கடுக்காகப் பிடிக்க வேண்டும். காய் கனமாக இருக்க வேண்டும், எண்ணிக்கையும் குறையக் கூடாது. வெடித்த பருத்தியில் கொட்டை கழித்துப் பஞ்சு நிறைய நிற்க வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செடி அப்படிக் கேட்டதை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிடாது. காய் பெருத்தால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை கூடினால் காய் நெல்லிக்காயாகும். குட்டையாகக் கிடைத்த செடிக்குப் பஞ்சு குறைவாக இருக்கும், பஞ்சு நிறைந்த செடி கிளை விரித்து ஆடும். மேடத்தின் முந்தைய ரகம் ஒன்று எல்லாத் தேர்விலும் தேறி, கடைசியில் பஞ்சு ஒரு நூலிழை குறைந்தது என்று திரும்பி வந்துவிட்டது. "ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணு நழுவுது" என்பார் மேடம். குடும்பம் நடத்துகிற எவருக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

கிள்ளிக்கு இந்த வேலை பிடித்துப்போனது. சும்மா பிடித்தது என்றால் போதாது, தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதுவரை அவள் செடியைத் தொட்டிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. இங்கே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியிடமும் நின்றாக வேண்டும். உயரம் சொல்ல வேண்டும், சிம்பு எத்தனை, காய்க்கிளை எத்தனை, காய் எத்தனை என்று குரல் கொடுக்க வேண்டும். நாத்தனார் எழுதிக்கொள்வாள். போகப்போக மனுஷர்களையும் அவள் அப்படியே அளக்க ஆரம்பித்துவிட்டாள். வெட்டிப்பேச்சு பேசுகிறவரைப் பார்த்தால் "ஆளு நல்ல ஆளுதான், சிம்பு ஜாஸ்தி" என்பாள். காண்டீன் முதலாளி நெட்டையாக, ஈயாத ஆளாக இருந்தார். அவருக்கு "உயரம் உண்டு, காய் இல்ல" என்று பட்டம் கிடைத்தது.

இந்த வயலில் ஒரே ஒரு தடை. நுனியைக் கிள்ளக் கூடாது. செடி தானாக எவ்வளவு வளர்கிறது என்பதுதான் இங்கே கேள்வியே. அதைக் கை வைத்துக் கெடுத்துவிட்டால் அளப்பதற்கு அர்த்தமில்லை. அவள் முதல் நாளிலிருந்தே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன் விரலைக் காவல் காத்தாள். ஒரு பருவம் முழுக்கக் காத்தாள். அதற்கு அடுத்த பருவத்தில்தான், ஒரு நாள் காலையில், வீட்டில் வளர்ந்த பெண் ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பெண் என்பது அவளுடைய அக்கா மகள். அக்கா நோயில் போனபோது குழந்தை நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. அக்கா புருஷனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது, பிள்ளையைத் தூக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். கிள்ளிக்குக் குழந்தை இல்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டயர்க்காரர் ஒரு வார்த்தை மறுபேச்சு பேசவில்லை, மறுநாளே பழைய டயரில் ஊஞ்சல் கட்டினார். அக்கா புருஷன் வேறு ஊருக்குப் போய், வேறு கல்யாணம் செய்துகொண்டு, கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை ஒன்று வைத்து நன்றாகவே இருந்தார். பெண் இவர்களிடமே வளர்ந்தாள். சித்தி என்றுதான் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிடக் கிள்ளி சொல்லிக்கொடுக்கவில்லை. போனவளின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். பிடிவாதம்தானே தவிர, ஆசை இல்லாமலா இருக்கும்.

படிப்பு முடிந்த பெண், அன்று காலை தலை சீவிக்கொண்டே, "அப்பா போன் பண்ணாரு சித்தி. கடைக்கு ஆள் வேணுமாம். அங்க போய் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"போயேன். உங்கப்பா வீடுதானே" என்றாள் கிள்ளி. சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். இந்த மாதிரி நேரத்தில் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பாதி வீடுகளில் பாதி அழுகை மிச்சமாகும். யார் சொல்கிறார்கள்.

வழியிலேயே நாத்தனார் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "நான் அப்பவே சொன்னேன். என்னதான் ஊட்டி வளர்த்தாலும் ரத்தம் இழுக்கத்தான் செய்யும். விதை யாருதோ அவங்ககிட்டதான் போகும்." அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

அன்றைக்கு வேலை, மழையில் எண் அழிந்துபோன வரிசைக் குச்சிகளை மாற்றுவது. கிள்ளி இடது கையில் புதுக் குச்சிகளை அணைத்துக்கொண்டு நடந்தாள். வயலின் அந்தக் கோடிக்குப் போக ஒரு வரிசையை ஒட்டிய நடைபாதை. நடந்துகொண்டே அக்கா புருஷனோடு மனதுக்குள் சண்டை போட்டாள். காய்ச்சலில் நீ எங்கே இருந்தாய், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கே இருந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மனதுக்குள் போடுகிற சண்டையில் எப்போதும் நாம்தானே ஜெயிப்போம். அவளும் ஜெயித்துக்கொண்டே போய், கோடியில் நின்று, முகத்தைத் துடைக்க வலது கையைத் தூக்கினாள். பச்சை வாசனை அடித்தது.

விரலைப் பார்த்தாள். கட்டை விரல் நகம் முழுக்கப் பச்சைக் கறை. மெதுவாகத் திரும்பினாள். வந்த வழி நெடுகிலும் மண்ணில் கொழுந்துகள் கிடந்தன. பதினேழாம் வரிசை. தலையிலிருந்து வால் வரை ஒன்று பாக்கியில்லை.

நாத்தனார் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள், மேடம் அலுவலகத்தில். கிள்ளி குனிந்து எல்லாக் கொழுந்தையும் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். சாயங்காலம் பேருந்தில் நாத்தனாரிடம் அவிழ்த்துக் காட்டினாள்.

நாத்தனார் ஜன்னல் வழியாக அதை வெளியே கொட்டினாள். "யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நானும் பார்க்கல. இத்தனை வரிசையில ஒரு வரிசை. எப்படியும் கழிச்சுவிடப் போற வரிசையா இருக்கும். உன்னைச் சேர்த்துவிட்டது நான். வாயைத் திறந்தே, ரெண்டு பேரும் களை பறிக்கத்தான் போகணும்."

கிள்ளி வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே பெண்ணும் கிளம்பிப் போனாள். டயர்க்காரர் பேருந்து வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்தவர் அந்தப் பழைய ஊஞ்சல் கயிற்றை எதற்கோ இறுக்கிக் கட்டினார். அப்புறம் வாரம் ஒரு போன். "சாப்டியா?" "சாப்டேன் சித்தி." "அங்க எப்படி?" "நல்லாத்தான் இருக்கு." அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச்சு நகராது.

இதற்கிடையில் பதினேழாம் வரிசை தன் வேலையைக் காட்டியது. பக்கத்து வரிசைகள் நெஞ்சு உயரம் வளர்ந்து கிளை பின்னிக்கொண்டு நிற்க, அது இடுப்பளவில் நின்றுவிட்டது. மற்றவை மொட்டும் பிஞ்சுமாக உதிர்த்துக்கொண்டிருந்த நாளில் இது பிடித்த பிஞ்சை விடவில்லை. காய் தண்டோடு ஒட்டி அடுக்கடுக்காகத் தொங்கியது. எல்லாவற்றுக்கும் முந்தி வெடித்து, தூரத்திலிருந்து பார்த்தாலே அந்த ஒரு வரிசை வெள்ளையாகத் தெரிந்தது. வெட்டுப்பட்ட நுனிகளை மேல் இலைகள் மூடிவிட்டன. குனிந்து இலையை விலக்கினால்தான் தெரியும், அளவுகோல் பிடிப்பவள் மட்டும்தான் அவ்வளவு கிட்டே போவாள்.

கடைசி அளவு எடுத்த நாளில் மேடம் கூடவே வந்தார். கிள்ளி கோலைப் பிடித்தாள். உயரம் சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. நாத்தனார் தலையைத் தூக்காமல் எழுதினாள். மேடம் வரிசையின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் இரண்டு முறை நடந்தார்.

"எல்லாம் ஒரே உயரம்" என்றார் மெதுவாக. "ஒண்ணு கூடப் பிசகல. குணம் நிலைச்சிடுச்சு, இனிமே விதையிலயும் இப்படியே வரும்."

பிறகு வரப்பில் உட்கார்ந்தார். அவர் வயலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். "கிடைச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். குட்டை, சிம்பு இல்ல, காய் தண்டோட... இல்ல, கனமும் குறையல. ஆமா. ஆமாங்க." எல்லோருக்கும் டீ வரவழைத்தார். கிள்ளியின் கையில் அவரே டம்ளரைக் கொடுத்து, "உங்க கை ராசி" என்றார்.

கிள்ளி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, மடமடவென்று குடித்து வைத்தாள்.

டீ குடித்துக்கொண்டே மேடம் மறுநாள் வேலையைச் சொன்னார். பதினேழாம் வரிசையைச் செடி செடியாகத் தனித்தனிப் பையில் எடுக்க வேண்டும். அடுத்த வருஷம் முதல் எல்லாக் கலப்புக்கும் அதுதான் தாய். மற்ற வரிசைகளை இனிமேல் தனியாகப் பார்க்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து ஒரே குவியலாகப் போட்டுவிடலாம். குவியலில் சேர்ந்துவிட்டால் எந்த விதை எந்தக் குடும்பம் என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. அத்தனை வருஷத் தேடலும் அந்தக் குவியலோடு முடிந்துபோகும்.

பேருந்தில் கிள்ளி கட்டை விரல் நகத்தையே சுரண்டிக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்கு அதுவே பயமாகிவிட்டது. "இங்க பாரு, அவங்க சந்தோஷமா இருக்காங்க. நல்ல மனுஷி, ஒரு நாள் சிரிச்சு பார்த்திருக்கோமா? அதைக் கெடுத்து நீ என்ன சம்பாதிக்கப் போற?"

"அடுத்த வருஷம் அது வளர்ந்து நிக்குமே அண்ணி."

"நிக்கட்டும். அடுத்த வருஷம்தானே?"

காலையில் பருத்தி எடுப்பவர்கள் பைகளோடு வந்து இறங்கும்போது, கிள்ளி மேடத்தின் முன்னால் போய் நின்றாள். "மேடம், ஒரு நிமிஷம் வரீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பதினேழாம் வரிசையின் முதல் செடியில் குனிந்து மேல் இலைகளை இரண்டு கையாலும் விலக்கினாள். உச்சியில், கொழுந்து இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த சின்னத் தழும்பு.

மேடம் அதைப் பார்த்தார். அடுத்த செடிக்குப் போனார், தானே விலக்கிப் பார்த்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பாதி வரிசையில் நின்றுவிட்டார்.

"பூச்சி கடிச்சதா இருக்கும்" என்றார். சொல்லும்போதே அவருக்கு அது இல்லை என்று தெரிந்திருந்தது.

"நான்தான் மேடம். குச்சி மாத்தின அன்னைக்கு. தெரியாம... கை தன்னால போயிடுச்சு."

"நேத்து கோலைப் பிடிச்சுக்கிட்டு உயரம் சொன்னீங்களே."

"ஆமா மேடம்."

"டீ குடிச்சீங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கிள்ளி தாங்கிக்கொண்டிருப்பாள். எடுப்பு ஆட்களைப் பார்த்து, "யாரும் கை வைக்காதீங்க, நில்லுங்க" என்றார். வரப்பில் வந்து நின்று வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"கை செஞ்சது விதைக்குப் போகாது. இதோட விதையைப் போட்டா, அடுத்த வருஷம் இதுவும் கூடப்பிறந்ததுங்க மாதிரி நெட்டையாத்தான் நிக்கும். நீங்க கிள்ளினது இந்தச் செடியோட சரி."

அப்போதுதான் கிள்ளிக்கு அழுகை வந்தது. அடக்க அடக்க வந்தது. வேலை போகிறதே என்று அழுகிறாள் என மேடம் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதுதான் நியாயம்.

"அப்ப வளர்த்ததுக்கு ஒண்ணுமே இல்லையா மேடம்?" என்றாள் கிள்ளி. "பார்த்துப் பார்த்து செஞ்சது எதுவுமே உள்ள போகாதா?"

மேடத்துக்குக் கேள்வி புரியவில்லை. ஆனாலும் ஏமாற்றாமல் பதில் சொன்னார். "இருக்கிற வரைக்கும் அந்தச் செடிக்கு நல்லதுதான். அதுக்கப்புறம் விதைதான்."

குவியல் போடுவது நின்றது. மேடம் மறுபடியும் எல்லா வரிசைகளையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார், ஒன்றிரண்டு வாரம் யாரிடமும் பேசாமல். கிள்ளியைக் கொட்டை பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். சின்ன எந்திரம் ஒன்றில் பருத்தியைக் கொடுத்துப் பஞ்சு வேறு விதை வேறாகப் பிரிக்கும் இடம். ஜன்னல்கூட இல்லாத அறை, மூக்கெல்லாம் பஞ்சுத் தூசி. நாத்தனாருக்குச் சோதனை வயல் வேலை போகவில்லை, ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேருந்தில் அவள் முன் சீட்டில், இவள் பின் சீட்டில். வீட்டில் டயர்க்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொன்னது சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாட்டுல உப்பில்ல" என்றார். இரண்டும் ஒரே குரலில்தான் சொன்னார். அவளுக்கு முதலாவது போதுமானதாக இருந்தது.

அடுத்த விதைப்பு முடிந்து செடி முழங்கால் உயரம் வந்தபோது, மேடம் ஆள் அனுப்பினார். கோல் பிடிக்க வந்த புதுப்பெண் கோலை ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு மாதிரி பிடித்தாளாம், சரிப்படவில்லை. கிள்ளி அன்று காலை மருந்துக்கடையில் நின்று, கட்டை விரல் இரண்டிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை. மேடம் அவள் முகத்தைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார். வந்த சிரிப்பைத் தொப்பியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டார்.

"இறுக்கிக் கட்டாதீங்க, ரத்தம் கட்டிக்கும்" என்றார்.

பதினேழாம் வரிசையின் விதையையும் மேடம் ஓரமாகக் கொஞ்சம் விதைத்திருந்தார். எல்லாம் தெரிந்தவருக்கும் ஒரு நப்பாசை இருக்காதா. ஒருவேளை விதைக்குள்ளேயே கொஞ்சம் குட்டைக்குணம் இருந்து, கிள்ளியது அதன் மேல் விழுந்திருக்கலாமே. இருவரும் தினமும் அந்த வழியாகப் போகும்போது ஒரு கண் பார்ப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். செடி இடுப்புக்கு வந்தது. இடுப்பைத் தாண்டியது. நெஞ்சுக்கு வந்து, பக்கத்தில் சிம்பு விட்டு, காற்றில் ஆடியது.

"வளர்ந்துடுச்சு" என்றார் மேடம்.

"வளர்ந்துடுச்சு மேடம்" என்றாள் கிள்ளி.

அவ்வளவுதான். அன்று குவியலுக்குப் போகாமல் தப்பிய வரிசைகளில் ஒன்றை மேடம் இப்போது கவனித்துக்கொண்டிருந்தார். அது சுமாரான உயரம், சுமாரான காய், ஆனால் பஞ்சு குறையவில்லை. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்படி ஒன்றுமில்லை. இன்னும் சில வருஷம் கலந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். நாத்தனாரும் முன் சீட்டிலிருந்து பக்கத்து சீட்டுக்கு வந்துவிட்டாள். பிளாஸ்திரியைப் பற்றிக் குத்தலாகப் பேசுவதற்காகவாவது பக்கத்தில் உட்கார வேண்டுமே.

காய் எண்ணிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பெண்ணின் போன் வந்தது. வாரப் போன் இல்லை, நடுவில் வந்தது. கிள்ளி பதறி வரப்புக்கு ஓடினாள்.

"என்னடா, உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க ஆன்ட்டி காலைலேருந்து ஒரே திட்டு." ஆன்ட்டி என்பது அப்பாவின் மனைவி. "மொட்டை மாடியில வரிசையா தொட்டி வச்சிருக்காங்கல்ல, எல்லாச் செடிக்கும் நுனி காணோமாம்."

"நீயா?"

"எனக்கே தெரியாது சித்தி. போன் பேசிட்டே மாடியில நடந்தேன். வச்சுட்டுப் பார்த்தா விரலெல்லாம் பச்சை."

கிள்ளி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யார்கிட்ட பழகின பழக்கம் இதுன்னு ஆன்ட்டி கேட்டாங்க. எங்கம்மா பழக்கம்னு சொன்னேன். அப்பா உடனே, உங்கம்மா செடி பக்கமே போனதில்லையேன்னாரு. அந்த அம்மா இல்லப்பா, எங்கம்மான்னேன்." அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "கடைக்கு ஆள் வந்துட்டாங்க சித்தி, வைக்கிறேன். சே, இந்தக் கண்ணாடி உடையப்போகுது. வைக்கிறேன், வைக்கிறேன். சாப்டியா நீ?"

"சாப்டேன்" என்றாள் கிள்ளி. அவள் இன்னும் சாப்பிடவில்லை.

போனை வைத்துவிட்டு வரப்பிலேயே நின்றாள். பிளாஸ்திரி சுற்றிய இரண்டு விரல்களையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நாத்தனார் எட்டிப் பார்த்து, என்ன என்று கண்ணால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். வரிசைக்கு நடுவிலிருந்து மேடம் கூப்பிட்டார். "என்ன, இன்னும் பாதி வரிசை இருக்கே."

கிள்ளி வந்து கோலை எடுத்துக்கொண்டாள். செடியின் பக்கத்தில் மண்ணில் ஊன்றினாள். உடனே அளவு சொல்லவில்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

"கொஞ்சம் போகும் மேடம்."

"எது? எங்க போகும்?" என்றார் மேடம், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கிள்ளி கோலை நிமிர்த்திப் பிடித்து உயரத்தைச் சொன்னாள்.